கறுப்புத் தட்டைத்தான் எடுத்தோம்

போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தி பிரிஸ்பேனிலிருந்து கேட்டாள்: "இன்னும் அந்த ஓசி சிஸ்டத்தையா கட்டிட்டு அழுவுற? அப்பவே எங்களோட ஏன்டி வரல?" அந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் கட்டைவிரலால் தட்டி அனுப்பக்கூடிய பதில் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். நம்மில் யாருக்கு இனி வெறுங்கண்ணில் எழுத்துத் தெரியப்போகிறது? தமிழில் எழுதிவிட்டேன் என்று முனகாதீர்கள். கோயில் வகுப்பில் எல்லோரும்தானே எழுத்துக்கூட்டினோம். மறந்துபோனவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அது எந்தப் பருவம் என்று சொன்னால் உங்களுக்கே தெரியும். நம் ஃபிஜியில் ஓர் இந்தியர் பிரதமரானது பிடிக்காமல், சுவாவில் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்து வைத்திருந்தார்களே, அந்தக் குளிர்காலம். நம் ட்ராசாவில் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. மலையில் அணைக்கட்டுப் பக்கம் தகராறு என்று மின்சாரத்தை முறை வைத்து விட்டார்கள். காலையில் வரும், மத்தியானம் போகும், வருகிற நேரம் சொன்ன நேரமாகவும் இருக்காது. கரும்பு முற்றி நின்றது. வெட்டுவதா வேண்டாமா என்று அப்பாக்கள் கிரோக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து, அந்த வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். பேசிப் பேசி நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வீடு சாமான் கை மாறிய காலம் அது. போகிறவர்கள் குக்கரை ஒரு வீட்டுக்கும், திரைச்சீலையை இன்னொரு வீட்டுக்கும், நாயை மூன்றாவது வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த நாய்கள் பழைய வீட்டு வாசலிலேயே போய்ப் படுத்துக் கிடக்கும். நம் கம்ப்யூட்டர் வாத்தியார் கனடா போனபோது மீன் தொட்டியைத் தலைமை ஆசிரியருக்குக் கொடுத்தார். யாருக்கும் வேண்டாத ஒரு பிஸ்கட் டின் எனக்கு வந்தது. அதற்குள் மூன்று சிடித் தட்டு. மேலே உறைகூடக் கிடையாது. மார்க்கரில் "லினக்ஸ்" என்று எழுதி, ஒன்றில் நீலக்கோடு, ஒன்றில் கறுப்புக்கோடு, ஒன்று வெறும் வெள்ளை. "இதெல்லாம் கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டம், சும்மா குடுக்கிறாங்க, யார் வேணா போட்டுக்கலாம். எனக்கு நேரமே வரல. நீ பாரு," என்றார். எப்படிப் பார்ப்பது என்று சொல்லவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

என்னிடம் ஒரு பெட்டியும் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, லவுத்தோக்காவில் ஆபீஸ் உத்தியோகம். அவர் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்து முன்கூடத்தில் வைத்திருந்தார். அது நின்று பல மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்த பழைய சிஸ்டம் திரும்பப் போட ஒரு நம்பர் கேட்டது. நம்பர் வைத்திருந்த கடைக்காரன் ஆக்லாந்து போய்விட்டான். பெட்டி எங்களிடம், சாவி அவனிடம். அம்மா அதன்மேல் துண்டு போட்டு மூடி, மேலே கேலண்டர் அட்டையை வைத்திருந்தாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். மாமாவும் போகிறார், பிரிஸ்பேனுக்கு. தன்னோடு என்னையும் கூட்டிப்போகிறேன் என்றார். அங்கே படிக்க வைப்பாராம். என் பாஸ்போர்ட்டில் விசாவும் குத்தியாயிற்று. பதினாலு வயசு எனக்கு. என்னை ஒரு வார்த்தை, "உனக்கு இஷ்டமாம்மா?" என்று யாரும் கேட்கவில்லை. நான் போகமாட்டேன் என்றேன். அழுதேன், கத்தினேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன். அப்பா அசையவில்லை.

"இங்க என்னா இருக்கு சொல்லு," என்றார். "வாத்தியார் போயிட்டார். கடைக்காரன் போயிட்டான். ஒரு பொட்டி கெட்டுப்போனா ஏந்திரிக்க வைக்க ஆளில்ல இந்த ஊர்ல. கம்ப்யூட்டர் படிக்கணும் கம்ப்யூட்டர் படிக்கணும்னியே, யார்கிட்ட படிப்ப? கரும்புகிட்டயா?"

"நான் ஏந்திரிக்க வைக்கிறேன்," என்றேன்.

மாமா சிரித்தார். "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதையா இருக்கு."

எனக்கு எங்கிருந்து அந்த வீம்பு வந்ததோ. "ஏந்திரிக்க வெச்சா நான் இங்கயே இருக்கலாமா?" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

அன்றைக்கு அவர் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பி நின்றார். தீமிதிக்குக் காப்புக் கட்டுகிற நாள். நம் கோயில் வழக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் பத்து நாளும் கோயிலிலேயே படுக்கை, கோயில் சோறு, வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. அந்த வருஷம் மேளம் கூடாது, கூட்டம் கூடாது, வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்று போலீஸ் சொல்லியும் பூசாரி திருவிழாவை நிறுத்தவில்லை. அப்பாவும் பின்வாங்கவில்லை. என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

"காப்பு அவுத்துட்டு வர்றேன்," என்றார். "அதுக்குள்ள இந்தப் பொட்டி ஏந்திரிச்சி நின்னா நீ இரு. இல்லன்னா அன்னிக்குச் சாயங்காலம் மாமாகூட ஏறு."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் விரதக்காரன் வாயால் வந்துவிட்டது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள், மாமா கேட்டுக்கொண்டிருந்தார். அது போதும் எனக்கு.

எனக்குக் கூட்டாளி ஒருத்தி இருந்தாள். குழுவில் அவள் இல்லை. நீங்கள் யாரும் அவளைச் சேர்க்கவில்லை. எங்கள் கரும்பு நிலத்துக்குச் சொந்தக்காரக் குடும்பத்துப் பெண், ஃபிஜியச்சி, தீவின் பூர்வகுடி, என் வகுப்பு. நாங்கள் பேசியதெல்லாம் நம் ஊர் ஹிந்தியில். இங்கே தமிழாக்கித்தான் சொல்கிறேன். ஆமாம் என்று சொல்ல மட்டும் அவளுக்கு எப்போதும் அவள் பாஷைதான் வரும்: "இயோ." அவளுடைய அண்ணன் பட்டாளத்தில், சுவாவில். நாடாளுமன்ற வேலிக்கு உள்ளே கலகக்காரர்களோடு நிற்கிறானா, வெளியே நிற்கிறானா என்று அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் பயம். ரேடியோ ஓயாத அந்த வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

மூன்று தட்டு இருக்கிறது, எதைப் போடுவது? வெள்ளையில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். அதை எடுக்கப் போனால் பளபளக்கிற பக்கத்தில் நடுவாக மஞ்சளும் குங்குமமும் குழைத்துப் பொட்டு! வெள்ளிக்கிழமை, புதுச் சாமான், பிள்ளையின் தலையெழுத்து வேறு அதில் இருக்கிறது என்று அம்மா டின்னைத் திறந்து மேலே இருந்ததற்கு வைத்துவிட்டாள்.

"ஐயோ அம்மா, அந்தப் பக்கம்தாம்மா படிக்கும்!"

"அதுக்கென்னா, கழுவினா போச்சி," என்று வாங்கிக்கொண்டு போய், பித்தளைக் குடத்தைத் தேய்க்கிற மாதிரி தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டு வந்தாள். நல்ல சுத்தம். உள்ளே இருந்ததும் சேர்ந்து சுத்தம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை நூலில் கட்டி அவரைப் பந்தலில் தொங்கவிட்டாள், மைனா வராமல் இருக்குமாம். மைனா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரையைக் கொத்தியது. அம்மா அந்தப் பொட்டை வைத்தபோது நான் போக வேண்டும் என்று வேண்டினாளா, இருக்க வேண்டும் என்றா? கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால், "நல்லா இருக்கணும்னு வேண்டினேன், போ," என்பாள்.

மீதி இரண்டு. கூட்டாளி நீலத்தைப் பிடித்துக்கொண்டாள். நீலம் கலர்ப் படத்தோடு வந்தது, மவுஸை அமுக்கினால் போதும், "அடுத்தது, அடுத்தது" என்று தானே இழுத்துக்கொண்டு போனது. கறுப்பைப் போட்டுப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, கேள்விமேல் கேள்வி. மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

"உங்க அப்பாவுக்குப் படம்தான் பிடிக்கும்," என்றாள் அவள். "எழுத்தைக் காட்டினா கெட்டுப்போச்சின்னு நினைப்பார்."

நியாயமாகப் பட்டது. நீலத்தையே போட்டோம். ஏற்றுவதற்கு மணிக்கணக்கில் ஆகும், மின்சாரம் பாதியில் போகும், மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக ஏறியது. எத்தனை அழகு தெரியுமா! மேகம் மாதிரி நீலத் திரை, மூலையில் சின்னக் கடிகாரம். மாமா வந்து பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய பெட்டிக்கு அந்த அழகு பாரம்தான். ஒரு தடவை அமுக்கினால் யோசித்து யோசித்துத் திறக்கும். ஆனாலும் எழுந்து நின்றதா இல்லையா? நான் அன்று ராணி மாதிரி நடந்தேன்.

மறுநாள் மின்சாரம் சட்டென்று போய்த் திரும்பி வந்தது. நீலம் எழுந்திருக்கவில்லை. படம் வர வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். என்ன ஆயிற்று என்று அதுவும் சொல்லவில்லை, கேட்பதற்கு எங்களுக்கும் வழி தெரியவில்லை. திரும்ப ஏற்றினோம். திரும்ப விழுந்தது. "கரண்ட் சரியில்ல மாமா," என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் மாமா. என் துணிமணியைப் பெட்டியில் அடுக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. அழகு அழகு என்று நீ சொல்லித்தானே கெட்டேன் என்று ஆரம்பித்து, வாய் எங்கெங்கோ போனது. எங்கள் நிலத்தின் லீஸ் அந்த வருஷத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று பேச்சு. "உங்க ஆளுங்கதானே எங்களை விரட்டுறீங்க!" என்று கத்தினேன்.

அவள் எழுந்து நின்றாள். கண் சிவந்துவிட்டது. "நானா விரட்டுறேன்? உன்னை ஊரை விட்டு அனுப்புறது உன் அப்பா," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

 ராத்திரி முழுக்க அந்த வார்த்தை காதில் குடைந்தது. காலையில் அவித்த மரவள்ளியையும் டின் மீன் குழம்பையும் மூடி எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். மன்னிப்பு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பிட்டோம். கையைக் கழுவிவிட்டு, "கறுப்பைப் போடு," என்றாள்.

கறுப்பு முரடுதான். ஆனால் என்ன செய்கிறேன் என்று ஒவ்வொரு வரியிலும் சொல்லிவிட்டுச் செய்தது. விழுந்தால் எங்கே விழுந்தேன் என்று சொன்னது. அந்தத் தட்டுக்குள்ளேயே புத்தகம் புத்தகமாக விளக்கம் இருந்தது. அதை உண்டாக்கியவர்கள் யார் யாரோ, எந்தெந்த ஊரோ, தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி உள்ளே வைத்திருந்தார்கள். போகிறவர்கள் என்றால் இப்படி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இங்கிலீஷ் சத்தம் போட்டுப் படிப்பாள், நான் தட்டுவேன். ஒரு நாள் அதன் உரிமை ஒப்பந்தம் திரையில் ஓடியது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று இருந்தது. நான் நம்பவில்லை. லீஸ் பேச்சு கேட்டே வளர்ந்த பிள்ளை நான். கடைசிப் பக்கத்தில் தேதி இருக்கும் என்று தெரியும். முடிவு வரைக்கும் தேடினோம்.

"இல்லை," என்றாள் அவள், நிலச் சொந்தக்காரர் மகள். "இதுக்குத் தேதியே இல்லை."

பிறகு நான் நீலத்தைத் தொடவில்லை. வேண்டுமென்றே ஒரு காரியமும் செய்தோம்: கறுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்து அதை விழவைப்போம். பிறகு தூக்கி நிறுத்துவோம். விழும், அலறும், சரி செய்யவா என்று கேட்கும், ஆமாம் என்று 'y' அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவள் "இயோ" என்பாள். பார்த்த அம்மாவுக்கு இந்தப் பெண்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே பட்டிருக்கும்.

தீமிதி முடிந்தது. மேளம் இல்லாமல், கைத்தட்டலோடு, வெயில் இருக்கும்போதே அப்பா பூவில் நடக்கிற மாதிரி நடந்து வந்தார். மறுநாள் காலை காப்பு அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். உடம்பெல்லாம் மஞ்சளும் விபூதியும் வேப்பிலை வாசனையும். முன்கூடத்தில் என் துணிப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மாமா சாயங்கால விமானத்துக்கு டாக்ஸி சொல்லியிருந்தார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் எழுத்து ஓடி, என் பேரைக் கேட்டு, உள்ளே விட்டது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "எழுத்தாத்தான் வருது," என்றார். கூட்டாளி என் இடுப்பில் இடித்தாள்.

அப்போது மின்சாரம் போனது.

மாமா கையைக் கொட்டினார். "அவ்ளோதான் மச்சான். இதுதான் இந்த ஊரு. இதை நம்பியா பொண்ணை விட்டுட்டுப் போகச் சொல்றீங்க?"

 அம்மா சாப்பாடு போட்டாள். யாரும் ருசித்துச் சாப்பிட்ட மாதிரி இல்லை. டாக்ஸி வந்து வேலியோரம் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா என் துணிப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ரேடியோ பேச ஆரம்பித்தது. மின்சாரம் வந்துவிட்டது.

ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். திரை முழுக்கப் பிழை, வரிக்கு வரி அலறல், கடைசியில் நின்றுவிட்டது.

"செத்துப்போச்சி," என்றார் அப்பா. அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அது எனக்கு அப்போதே காதில் விழுந்தது.

"சாகலப்பா. விழுந்திருக்கு. பாருங்க." பழுது பார்க்கிற கட்டளையைத் தட்டினேன்.  கேள்வி வந்தது. 'y' அழுத்தினேன். "இயோ," என்றாள் அவள் பின்னாலிருந்து. இன்னொரு கேள்வி. "இயோ." இன்னொன்று. வெளியே ஹாரன்.

அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "என்னா கேக்குது அது?"

"இந்த இடம் கெட்டுப்போயிருக்கு, சரி பண்ணவான்னு கேக்குதுப்பா."

"யாரை?"

"நம்மளைத்தான். நாம சரின்னு சொன்னாத்தான் பண்ணும்."

"இது யாருது? எவன்கிட்ட வாங்கினது? எத்தினி வருசத்துக்கு?"

"யார்கிட்டயும் வாங்கல. தேதி கிடையாது. யாரும் வந்து ஏந்திரிச்சிப் போன்னு சொல்ல முடியாது."

அவர் கூட்டாளியின் பக்கம் திரும்பினார். அவள் தலையைக் குனியவில்லை. "இயோ, அங்கிள்," என்றாள். "நாங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டோம்."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்த நிலத்துல பொறந்தேன்," என்றார். "லீஸ முடிக்கிறவங்க என்னைக் கேக்கல. சுவாவுல துப்பாக்கி எடுத்தவன் என்னைக் கேக்கல. ஒரு பொட்டி கேக்குது." பிறகு மெதுவாக, "நானும் உன்னைக் கேக்கல, இல்ல?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். 

"எதை அமுக்கணும்?"

காட்டினேன். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரல், நகத்துக்குள் மஞ்சள். பக்கத்து எழுத்துகளும் சேர்ந்து அமுங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். சரியாக 'y' மேல் வைத்து அமுக்கினார். அடுத்த கேள்விக்கும் அவரே அமுக்கினார். அதற்கடுத்ததற்கும். கேள்விகள் தீர்ந்தன. எழுத்து கடகடவென்று ஓடி நின்று, என் பேரைக் கேட்டது.

அப்பா என்னைப் பார்த்து, "இப்பக் கேக்குறேன், போறியா, இருக்கியா?" என்றார்; "இருக்கேன்பா," என்றேன். அவர் மாமாவின் கையிலிருந்த என் துணிப்பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். வாசலுக்குப் போய் டாக்ஸிக்காரரிடம், "ஒரு ஆளுதான்!" என்று சத்தமாகச் சொன்னார்.

அறுவடை முடிந்ததும் லீஸும் முடிந்தது. வீட்டைத் தகரம் தகரமாகக் கழற்றி லாரியில் ஏற்றி லவுத்தோக்காவுக்கு வந்துவிட்டோம். அவரைப் பந்தலில் தொங்கிய வெள்ளைத் தட்டை யாரும் எடுக்கவில்லை. கறுப்புத் தட்டை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கூட்டாளியின் அண்ணன் ஒரு நாள் வீடு திரும்பினான். எந்தப் பக்கம் நின்றான் என்று நான் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை. அவள் இன்றும் ட்ராசாவில்தான் இருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் விழுந்தால் என்னைக் கூப்பிடுவாள். என்னுடையது விழுந்தால் அவளை நான் கூப்பிடுவேன்.

போனவர்களை நான் குறை சொல்லவில்லை. போக வேண்டிய காரணம் எல்லோருக்கும் இருந்தது, எங்களுக்கும் இருந்தது. ஆனால் ஏன் வரவில்லை என்று இனி ஒருத்தரும் என்னைப் பாவம் பார்த்துக் கேட்காதீர்கள். வழியில்லாமல் தங்கினவள் இல்லை நான். அன்றைக்கு டாக்ஸி வாசலில் நின்றது, விசா பாஸ்போர்ட்டில் இருந்தது. என்னைக் கேட்டார்கள். நான் இருக்கிறேன் என்றேன்.